கந்தப்பனுக்கு வந்த நீர்க்கடுப்பு

செத்தாலும் சுகன்யாவிடம் சொல்லக்கூடாது என்று தீர்த்தகிரி முடிவெடுத்தபோது காலை மணி ஏழு. அதற்குள் ஐந்து முறை கழிவறைக்குப் போய் வந்திருந்தார்.

பள்ளிபாளையத்தில் பன்னிரண்டு தறி ஓட்டுகிற மனிதர். இரண்டு நாளாக அவரே தறியில் இங்கும் அங்கும் பாய்கிற நாடா மாதிரி ஓடிக்கொண்டிருந்தார். பட்டறைக்கும் கழிவறைக்கும், கழிவறைக்கும் பட்டறைக்கும். போனால் நாலே சொட்டு. அந்த நாலும் மிளகாய்த்தூள் கரைத்த மாதிரி எரியும். வெளியே வந்து வேட்டியை மடித்துக் கட்டுவதற்குள் மறுபடி முட்டும்.

பெண்டாட்டியிடம் சொல்லலாம்தான். ஆனால் போன வருசம் இதே உபாதை அவளுக்கு வந்தபோது, "சூட்டு ஒடம்பு. வெளக்கெண்ணெய் வெச்சுட்டுப் படு" என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் வைத்தியம் சொன்னவர் இவர். சுகன்யா தனியாகப் பஸ் ஏறிப் போய் டாக்டரைப் பார்த்து வந்தாள். இப்போது எந்த முகத்தோடு சொல்வது?

ஆகவே சுயவைத்தியம். தொட்டியில் ஊற்றினால்தானே குழாயில் வரும்? தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினார். எரிச்சல் இரண்டு மடங்கானது. மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் பக்கத்துப் பட்டறைச் சிநேகிதனின் பெயரைக் கடன் வாங்கினார்.

"ஏம்புள்ள, நம்ம கந்தப்பனுக்கு நீர்க்கடுப்பாம். என்ன பண்றதுன்னு கேட்டான்."

சுகன்யா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"ஐயோ பாவம். தண்ணி குடிக்கறாருங்களா?"

"குடிச்சா அடிக்கடி போகோணுமேன்னு நிறுத்திப்போட்டான்."

"அவருக்கு மூளையிலயும் வீக்கமாட்ட இருக்குதுங்க. மூத்திரப்பையே புண்ணாட்டம் கெடக்குது. தண்ணி கொறைஞ்சா மூத்திரம் கெட்டியாகி இன்னும் எரியும். கிருமிய அலசித் தள்ளறதே தண்ணிதானுங்க. வந்தா அடக்கவும் கூடாது. டீ எத்தன?"

"ஒரு நாளைக்கு எட்டு."

"அவரு டீயே குடிக்க மாட்டாருங்களே?"

தீர்த்தகிரிக்கு வேர்த்தது. "இப்பப் பழகிக்கிட்டான்."

"காய்ச்சல், குளிரு, பின்னிடுப்புல வலி, ரத்தம் ஏதாச்சும்? இருந்தா கிட்னிக்கு ஏறியிருக்கலாமுங்க. கேட்டுச் சொல்லுங்க."

"இரு, போன் போட்டுக் கேட்டுட்டு வாரேன்." சொன்ன வேகத்தில் கழிவறைக்குப் பாய்ந்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு வந்து நின்றார். "காய்ச்சல் இல்லியாம். ரத்தமும் இல்லியாம். எரிச்சல்லதான் உசுரு போகுதாம்."

"போன்லயா சொன்னாரு?"

"பின்னே?"

அவருடைய போன் சன்னலோரம் சார்ஜில் கிடந்தது. இரண்டு பேருமே பார்த்தார்கள். சுகன்யா எழுந்து ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள்.

"குடிங்க."

"எனக்கெதுக்கு?"

"கந்தப்பனுக்காவக் குடிங்க. பேருலயே தீர்த்தத்த வெச்சுக்கிட்டு ஒரு சொம்புக்குப் பயந்தா எப்புடி?"

குடித்தார்.

"ஆம்பளைக்கு வந்தா சும்மா உடக்கூடாதுங்க. சர்க்கரை பாக்கோணும், ப்ராஸ்டேட்டும் பாக்கோணும். நாளைக்குக் காத்தால ஆஸ்பத்திரிக்குப் போலாம். நானும் வாரேன்."

"கந்தப்பன்?"

"அவரு நேரா அங்க வந்துருவாருங்க."

தீர்த்தகிரிக்குத் தலை சுற்றியது. அவர் கந்தப்பனிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே!

மறுநாள் ஈரோட்டு பஸ் ஆற்றுப்பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. முன்னால் ஒரு நூல் லாரி மக்கர். தீர்த்தகிரி சீட்டில் உட்கார்ந்தார், எழுந்தார், கம்பியைப் பிடித்தார், விட்டார். காலை மாற்றி மாற்றிப் பின்னிக்கொண்டார். கீழே காவிரி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை யாரும் தடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கந்தப்பனைக் காணோம். நர்ஸ்தான் வந்தாள். ஊருக்கே கேட்கிற குரல்.

"தீர்த்தகிரி! யூரின் டெஸ்ட்டுக்கு வாங்க!"

அவர் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள். டப்பாவை வாங்கிக்கொண்டு ஓடினார். நாலு நாளில் முதன்முறையாக ஒருவர் அவரைப் போகச் சொல்லிக் கேட்டிருந்தார்.

மூத்திரப்பையில் கிருமி என்றார் டாக்டர். ஏழு நாள் மாத்திரை. எரிச்சல் நின்றாலும் நடுவில் நிறுத்தக்கூடாது. எந்தக் கிருமி என்று கல்ச்சர் பார்த்துவிட்டு மாற்ற வேண்டுமானால் மாற்றலாம். ஒரு ஸ்கேன். டீ, காரம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்.

வெளியே வேப்பமரத்தடியில் தீர்த்தகிரி நின்றார்.

"புள்ள... போன வருசம் நானும் உங்கூட வந்திருக்கோணும்."

சுகன்யா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டினாள். அவர் வாங்கி முழுசாகக் குடித்தார்.

"ஒண்ணு மட்டும். கந்தப்பங்கிட்டச் சொல்லீராத. தறிக்காரங்க பூராம் சிரிப்பாங்க."

"நான் எதுக்குங்க சொல்லோணும்? மூணு நாளா உம் புருசன் பட்டறையில நிக்காம ஓடறான், என்னன்னு பாரும்மான்னு சொல்லி, இந்த ஆஸ்பத்திரியில உங்க பேருக்கு டோக்கன் போட்டுக் குடுத்ததே அவருதானுங்க."