சூரியகாந்திக்கு ஒரு பாடு

சூரியனைப் பார்த்து நிற்கும் பூவையே ஊர் வழக்கத்துக்குக் கட்டுப்பட வைத்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் பழவேற்காட்டுத் தெருவில் இருக்கிறார். பெயர் ஐஸ் நைனா. படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுப்பது தொழில். அசல் பெயர் வாக்காளர் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. மனைவி அஞ்சலைகூட அதை வெளியே எடுப்பதில்லை.

அந்த அஞ்சலை கரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது, இனி நடந்தே ஆகவேண்டும் என்றார் மருத்துவர். மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் அஞ்சலை கட்டிலை விட்டு இறங்கவில்லை. "நாள் பூரா சன்னல் வழியா வெறும் மண்ணையே பாத்துகினு கெடக்கறேன்" என்று அலுத்துக்கொண்டார். மறுநாளே நைனா பொன்னேரிக்குப் பஸ் ஏறிச் சூரியகாந்தி விதையோடு திரும்பினார்.

வீட்டு மண் உப்பு. மீன் வரும் தெர்மாகோல் பெட்டிகளில் ஓட்டை போட்டு, காட்டூர் வயல் மண்ணை நிரப்பி விதைக்கச் சொன்னேன். ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியரான என்னிடம் ஆலோசனை இலவசம். விதைத்தார், முளைத்தது. சத்து ஏறட்டும் என்று மீன் பெட்டியில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீரை ஊற்றினார். முளை அத்தனையும் கருகியது.

இரண்டாம் விதைப்புக்கு நல்ல தண்ணீர். கிளிக்குப் பயந்து பழைய வலையைப் போர்த்த, அதன் மீன்வாசனைக்குத் தெருப் பூனைகள் எல்லாம் செடிக்குக் காவல் இருந்தன. கிளி வரவில்லை. பூக்கள் தட்டுத் தட்டாக மலர்ந்தன. ஆனால் அஞ்சலைக்குத் தெரிந்தது அவற்றின் முதுகு.

நைனா என்னிடம் ஓடிவந்தார். "இன்னா சார் அநியாயம்! தண்ணி ஊத்தி வளத்தது நானு. அதுங்க எதிர்வூட்டப் பாத்து இளிச்சுகினு நிக்குதுங்க!"

"மொட்டா இருக்கறவரைக்கும்தான் நைனா சூரியன் பின்னாடி திரும்பும். நல்லா பூத்துட்டா கெழக்கப் பாத்தே நின்னுடும்."

"ஒரு மனு எழுதிக் குடு சார்."

"யார் மேல?"

கொஞ்சம் யோசித்தார். "எலிசா மேல."

எலிசா எதிர்வீட்டு அம்மாள். கிழக்கே வீடு கட்டியதைத் தவிர அவர் மேல் வேறு குற்றம் இல்லை. மனு செல்லாது, பெட்டியைத் திருப்பி வைத்தால் போதும் என்றேன். திருப்பியதும் எலிசா வாசலுக்கு வந்துவிட்டார்.

"யோவ் நைனா! இத்தினி நாளா எங்களப் பாத்த பூவ இன்னாத்துக்குத் திருப்புற?"

"செடி என்னுது!"

"மூஞ்சி எங்களுது!"

விவகாரம் ஊர்ப் பெரியவர்களிடம் போயிற்று. ஏரியில் எந்த இடத்தில் எவர் என்றைக்கு வலை போடுவது என்று இங்கே முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பெரியவர்கள் சிரிக்காமல் தீர்ப்புச் சொன்னார்கள்: பூவுக்கும் பாடு. ஒருநாள் நைனா வீட்டைப் பார்க்கும், மறுநாள் எலிசா வீட்டைப் பார்க்கும். எந்தச் சட்டப்பிரிவின் கீழ் என்று நான் கேட்டதை யாரும் காதில் வாங்கவில்லை.

முதல்நாள் அஞ்சலை கண்குளிரப் பார்த்தார். மறுநாள் எலிசாவின் பாடு, மறுபடி முதுகு. அஞ்சலை பொறுத்துப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்தார், கதவைப் பிடித்தார், தெருவைக் கடந்து எலிசா வாசலில் போய் நின்றார்.

"எங்க பாடு அன்னிக்கு நீ இன்னாடி பாக்கற?" என்று அதட்டிய எலிசா, முதலில் நாற்காலியைத்தான் இழுத்துப் போட்டார்.

அடுத்த காலை நைனாவின் பாடு. பூக்களோ எலிசா வீட்டைப் பார்த்தபடியே நின்றன.

"திருப்ப மறந்துட்டீங்களா நைனா?" என்றேன்.

"விட்டுக் குடுத்துட்டேன் சார். அவ நடந்து போய்ப் பாக்கட்டும்" என்றார், குரலைத் தாழ்த்தி.

அஞ்சலை தெருவைக் கடந்துகொண்டிருந்தார். கைக்கெட்டும் தூரத்தில், வேறெங்கோ பார்ப்பதுபோல் நைனா பின்னால் போனார். என் காலத்தில் எத்தனையோ பேர் உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய பத்திரங்களைப் பார்த்திருக்கிறேன். எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது இந்த மனிதரை மட்டும்தான்.