காட்டுக் குதிரைக்குக் கல்யாண மேளம்

பெண் வீட்டார் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் ஆண்பிள்ளைக்கு மூளை கழன்றுவிடும். எனக்குக் கழன்றது கந்தர்வக்கோட்டையில், ஊர் வரலாற்றுக் கண்காட்சியில், மைக்கைப் பிடித்திருந்தபோது.

கோடியக்கரைக் காட்டுக் குதிரைகளைப் பற்றி அங்கே பேச ஒப்புக்கொண்டிருந்தேன். (நான் அவற்றைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் பின்பக்கத்தை.) யாரோ வளர்த்துக் கைவிட்ட குதிரைகள் காட்டோடு காடாகிப்போன கதை. படங்களோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால், எனக்குப் பார்த்திருந்த பெண் தேன்மொழியின் அப்பா பையனைச் சும்மா பார்த்துவிட்டுப் போக வருகிறார் என்று தரகர் போன் செய்தார். அவர் தலையாட்டினால்தான் நான் பெண் பார்க்கவே போக முடியும். படத்தைக் காட்டி அவரை அசத்த முடியுமா?

ஆவூர் செல்வம் அண்ணனிடம் ஒரு குதிரை இருந்தது. கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்குப் போவது. அதன் ஜிகினாவைக் கழற்றி, பிடரியைக் கலைத்து, உடம்பெல்லாம் செம்மண் பூசினோம்.

“தம்பி, இது புள்ளப்பூச்சி. காட்டுக் குதிரைன்னா யாரு நம்புவா?” என்றார் அவர்.

“கயித்த மட்டும் இறுக்கிப் பிடிங்கண்ணே. மத்தத நான் பாத்துக்கிறேன்.”

முன்வரிசையில் தேன்மொழியின் அப்பா கைகட்டி உட்கார்ந்திருந்தார். நான் முழங்கினேன்: “யாரும் பக்கத்துல வராதீங்க! மனுச வாடையே இதுக்கு ஆகாது. சின்னச் சத்தம் கேட்டாலும் மிரண்டு ஓடிரும்!”

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சிறப்பு விருந்தினரின் கார் வந்தது. வாசலில் தவிலும் நாயனமும் வெளுத்து வாங்கின. (மேளம் இல்லாமல் எங்கள் ஊரில் யாரையும் வரவேற்க மாட்டார்கள். அதை மறந்த ஒரே ஆள் நான்.)

குதிரை காதை நிமிர்த்தியது. முன்னங்காலைத் தூக்கியது. பிறகு ஆடத் தொடங்கியது. தவிலின் அடி தப்பாமல் குதித்து, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மாப்பிள்ளை ஏறுவதற்காக என் முன்னால் மண்டியிட்டது.

“ஏய், இது என் கல்யாணத்துக்கு வந்த குதிரைப்பா!”

“எங்க அக்கா கல்யாணத்துக்கும் இதாங்க!”

பந்தலே சிரித்தது. செல்வம் அண்ணனும் சிரித்தார். நான் குதிரைக்குப் பின்னால் ஒளிய இடம் தேடினேன். தேன்மொழியின் அப்பா எழுந்து வந்தார். போச்சு, என்று நினைத்தேன்.

“ஏறிருங்க தம்பி. பாவம், அது எம்புட்டு நேரந்தான் மண்டி போட்டிருக்கும்?”

ஏறினேன். மேளத்தோடு கண்காட்சியை ஒரு சுற்று வந்தேன்.

மறுநாளே பெண் பார்க்க வரச்சொல்லிவிட்டார். பொய்யை உருப்படியாகச் சொல்லத் தெரியாத மாப்பிள்ளைதான் தன் மகளுக்கு நல்லது என்றாராம்.

இன்றும் நான் வீட்டில் குரலை உயர்த்தினால், “பக்கத்துல போகாதீங்க, காட்டுக் குதிரை!” என்று தேன்மொழி பிள்ளைகளை எச்சரிப்பாள். பிறகு சாப்பாட்டு மேசையில் தவில் வாசிப்பாள். என் கோபம் அங்கேயே மண்டியிட்டுவிடும்.