கழகத்தின் ஒரே பதக்கம்

குமுளியில் சல்லடையைவிடத் திமிர் பிடித்த ஆள் கிடையாது. ஏலக்காய்க் கடையில் காய்களைச் சல்லடையில் அரித்துத் தரம் பிரிப்பது அவர் வேலை. பெயர் அப்படி வந்தது. எங்கள் வரலாற்றுக் கழகத்துக்குச் செயலாளரும் அவர்தான். கட்டுரைகளையும் அரிப்பார்.

ஒரு பேராசிரியர் நாற்பது பக்கம் வாசித்து முடித்ததும், "ஐயா, காய் பெருசு. உடைச்சா உள்ள ஏலரிசியக் காணோம்" என்றார் சல்லடை. அந்த மனிதர் பிறகு மலையேறவே இல்லை.

சிறந்த கட்டுரைக்கு ஆண்டுதோறும் வெள்ளிப் பதக்கம். இருப்பது ஒன்றுதான். வென்றவர் ஓராண்டு வைத்திருந்து திருப்பித் தர வேண்டும். வென்ற எல்லார் பெயரையும் சல்லடை அதன் பின்பக்கத்தில் ஆணியால் கோணல்மாணலாகக் கீறியிருப்பார்.

"கழகம் தொடங்குன நாள்லேர்ந்து இது ஒண்ணுதான்!" என்று கூட்டத்துக்குக் கூட்டம் மார்தட்டுவார்.

அதை நான் வென்றேன். தொலைத்தேன். வீட்டிலா, கம்பம் பஸ்ஸிலா, தெரியாது. திருப்பித் தர இரண்டே நாள் இருந்தது. வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

"அண்ணே, பதக்கத்தத் தொலச்சுட்டேன்."

சல்லடை ஆடிக்கொண்டே இருந்தது. "எங்க?"

"தெரிஞ்சா இங்க ஏன் வாரேன்?"

"தொலச்சவனுக்குக் கோவத்தப் பாரு!"

எழுந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். உள்ளே ஏலக்காய்க்கு நடுவே ஒரு பதக்கம். பின்பக்கத்தில் அதே பெயர்கள். கடைசியில் என் பெயர்.

"என்னண்ணே இது?"

"நாலாவது. மொதப் பதக்கம் கறுத்துரக் கூடாதுன்னு காய்க்குள்ள வச்சேன். மூட்டையோட ஏலத்துக்குப் போயிருச்சு. ரெண்டாவது நம்ம தலைவர் தொலச்சாரு. மூணாவது நீ."

"நான் தொலச்சது முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது. நீ வாங்குன அன்னைக்கு உன் மூஞ்சியப் பாத்தேன். மறுநாளே கம்பத்துல செய்யச் சொல்லிட்டேன். பரவால்லப்பா, போ."

 

கூட்டத்தில் சல்லடை பதக்கத்தைத் தூக்கிப் பிடித்தார். "கழகம் தொடங்குன நாள்லேர்ந்து இது ஒண்ணுதான்!" தலைவர் கூரையைப் பார்த்தார். நான் பலமாகக் கைதட்டினேன்.

தலைவர் இதைப் படித்தால் கோபப்படுவார். படட்டும். சல்லடை படிக்க மாட்டார். வார இதழெல்லாம் அவருக்குத் தூசி. ஊரையே வாய்க்கு வந்தபடி பேசுகிறவர், என்னைப் பற்றி மட்டும் இதுவரை ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

போன மாதம் பழைய கோட்டின் உள்துணிக்குள் மூன்றாவது பதக்கம் கிடைத்தது. கிழிந்த பை வழியாக விழுந்திருக்கிறது. சல்லடை டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அவருடைய டப்பாவுக்குள் போட்டுவிட்டு வந்தேன். அடுத்தவன் தொலைத்தால், அவன் பெயரை மட்டும் சல்லடை கீறினால் போதும். கம்பத்துக்கு மலையிறங்கி ஏற வேண்டாம். அவருக்கு முழங்கால் வலி.