வாய்க்குப் பூட்டுப் போட்ட கஞ்சா அண்ணாத்த

செங்கல்பட்டு மாவட்டத்திலேயே ‘கஞ்சா’ என்ற சொல்லை அதிகமாக உச்சரித்தவரும், அந்த வஸ்துவைக் கண்ணால்கூடப் பார்க்காதவரும் ஒரே ஆள்தான். எங்கள் எதிர்வீட்டுக்காரர். பீடிப் புகைக்கே தும்முவார். இருந்தும் தெரு அவருக்கு வைத்த பெயர் கஞ்சா அண்ணாத்த.

மார்க்கெட்டில் கயிற்றுக்கடை வைத்திருக்கிறார். யாரோ ஒருவர் ‘ஹெம்ப்’ என்கிற, கஞ்சா இனத்துச் செடியின் நாரில் திரித்த கயிற்றுத் துண்டு ஒன்றைக் காட்டிவிட்டுப் போனார். அன்று பிடித்தது சனி. மாடு கட்டக் கயிறு வாங்க வந்தவரும் பாடம் கேட்காமல் வீடு போக முடியாது.

“அது வேற, இது வேறப்பா! ஒரே ஜாதி செடிதான். ஆனா இதுல போதை பேருக்குத்தான் கீது. மீதியெல்லாம் நாரு! வடக்க மலையில லைசென்ஸ் குட்த்து பயிர் போட்றான். நம்மாளுங்க தூங்கிகினு கீறாங்க!”

“அப்ப இழுக்கறவனுக்கும் லைசென்ஸ் குட்த்துடலாமா?” என்று யாராவது சீண்டினால், “அத்த டாக்டரும் கோர்ட்டும் பேசிக்கட்டும். நான் நாரு பேசறேன்” என்பார்.

ஒருமுறை மாமல்லபுரத்து டீக்கடையில் இதே பிரசங்கம். பின்னால் இருந்த வெள்ளைக்காரர் ஒருவருக்கு அந்த ஒரு சொல் மட்டும் புரிந்துவிட்டது. காதோரம் வந்து விலை கேட்டார். அண்ணாத்த பெருமையாகப் பையைத் திறந்து தேங்காய் நார்க்கயிறு ஒரு சுருள் கொடுத்தார். “இப்போதிக்கு இதான் நைனா ஸ்டாக்கு.” அந்த மனிதர் மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இப்படிப்பட்டவர் மகளுக்கு வந்த வரன் என்ன தெரியுமா? ரிடையர் ஆன ஏட்டையா மகன். கஞ்சா கேஸ் பிடித்தே பேர் வாங்கிய ஏட்டையா! பையனும் பெண்ணும் ஒரே ஆபீஸ், ஒருவரையொருவர் பிடித்துப்போனவர்கள். அண்ணாத்தயின் பிரசங்கம் கேட்டு ஏட்டையா எழுந்து போனால் எல்லாம் போச்சு.

கல்யாண வேண்டுதலுக்குத் திருவிடந்தைக்கு மாலையோடு போனபோது, பெருமாள் சன்னிதியிலேயே அவர் மனைவி, எங்கள் அண்ணி, அவரிடம் சத்தியம் வாங்கினார். “அவங்க கௌம்பற வரிக்கும் நாரு, செடி, கொடின்னு வாயத் தொறக்கக் கூடாது.” மீறினால் தொடையைக் கிள்ள, பெண் பார்க்கும் நாளில் பக்கத்தில் என்னை உட்கார்த்தினார்கள்.

கிள்ள வேண்டிய அவசியமே வரவில்லை. அண்ணாத்த வாயில் கொழுக்கட்டை. பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் ஆனது. கை கழுவ வாசலுக்குப் போன ஏட்டையா அங்கேயே நின்றுவிட்டார். தொட்டியில் விரல் விரித்த இலைகளோடு ஒரு செடி.

“இன்னா செடி சார் இது?”

அண்ணாத்தவுக்கு வியர்த்தது. பெருமாள் சத்தியமாயிற்றே! மேலே பார்த்தார், கீழே பார்த்தார். வாய் திறக்கவில்லை.

“ஐயா, அது...” என்று நான் எழுந்தேன்.

“உன்ன கேக்கல. அவர கேக்கறேன்.”

ஏட்டையாவின் முகம் இறுகியது. பையன் முகம் வெளுத்தது. அப்போது பட்டுப்புடவை சரசரக்க மணப்பெண்ணே வாசலுக்கு வந்தாள். ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள்.

“புளிச்ச கீரை மாமா. பாக்கத்தான் அப்படி கீது. எங்க நைனா அம்மாவுக்கு சத்தியம் பண்ணிட்டாரு, அதான் பேசல. நீங்க நெனைக்கற செடியிலயே நாருக்குன்னு ஒரு வகை கீது. அதுல போதை பேருக்குத்தான். வடக்க லைசென்ஸ் குடுக்கறாங்க. இங்கயும் குட்த்தா விவசாயிக்கு நல்லதும்பாரு எங்க நைனா.”

ஒரு வரி பிசகவில்லை. வீட்டில் அவர் பேச்சை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவரும்தான்.

ஏட்டையா மீசையைத் தடவினார். “நாருக்குன்னு கதவத் தொறந்தா பின்னாலயே மத்ததும் வரும்மா. வீணாப்போன புள்ளைங்கள நான் பாத்துகீறேன். இத்த நான் ஒத்துக்க மாட்டேன்.” பிறகு அண்ணாத்தயைப் பார்த்தார். “ஆனா பொண்ணு ஒத்துக்கினேன். தட்ட மாத்திக்கலாம் சம்பந்தி.”

அண்ணாத்த துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

இப்போது சம்பந்திகள் இருவரும் கயிற்றுக்கடையில் உட்கார்ந்து, மார்க்கெட்டே வேடிக்கை பார்க்கச் சண்டை போடுகிறார்கள். இருவரில் ஒருவரும் ஓர் அங்குலம் நகர்ந்தபாடில்லை. எவ்வளவு அவசரமானாலும் நானும் வண்டியை நிறுத்தி, “அண்ணாத்த, நாரு செடி லைசென்ஸ் சட்டம் எதுவரிக்கும் வந்துச்சு?” என்று கேட்டுவிட்டுத்தான் போகிறேன். பேச்சில்லாமல் நின்ற அவரை ஒருமுறை பார்த்ததே எனக்குப் போதும்.