அலையேற உகந்த மாதம்

ஐம்பது வயது முடிவதற்குள் ஒரே ஒரு தடவையாவது கடல் அலைமேல் எழுந்து நின்றுவிடுவது என்று வெள்ளைத்துரை சபதம் எடுத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. எடை நூறைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நீச்சல் தெரியாது. விருதுநகரில் பிறந்தவருக்கு அது ஒரு குறையே இல்லை. தண்ணீர் லாரி ஹாரன் அடித்தால் குடத்தோடு ஓடத் தெரிந்தால் போதும்.

ஆசை பிடித்த இடம் சிவகாசியில் இருந்த அவருடைய சொந்த அச்சகம். ஓர் அரிசி ஆலைக்காரரின் மாதக் காலண்டர் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. ஜூலை மாதத் தாளில் ஏதோ ஒரு தீவு, தென்னை மரங்கள், சுருண்டு எழுந்த அலை, அதன்மேல் பலகை, பலகைமேல் ஒருவன். நீலம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கப் போன வெள்ளைத்துரை அப்படியே நின்றுவிட்டார். "ஓட்டலாமா மொதலாளி?" என்று மெஷின்காரர் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் டீ குடிக்கப் போனார்.

ஆடி மாதமே அடுத்த வருடத்துக் காலண்டரை அடித்து வைத்துவிடும் ஊர் சிவகாசி. அங்கே தொழில் பண்ணுகிறவர்கள் எல்லாருமே கொஞ்சம் முன்னால்தான் வாழ்வார்கள். வெள்ளைத்துரை ரொம்பவே முன்னால். இன்று என்ன கிழமை என்று கேட்டால் அடுத்த வருடத்துக் கிழமையைச் சொல்வார். இந்த வருடத்தில் நடப்பதைப் பார்த்துக்கொள்ள வீட்டில் அவர் மனைவி பொன்னுத்தங்கம் இருந்தாள்.

அவள்தான் சிக்கலே. கல்யாண மேடையில் மாலை மாற்றிய கையோடு, "ஏங்க, போட்டோவுல விழமாட்டீக. கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நில்லுங்க" என்றாள். அன்றைக்குத் தள்ளி நின்றவர்தான். அதற்குப் பிறகு பேங்க் வரிசையில் எங்கே நிற்பது, பந்தியில் யார் பக்கத்தில் உட்காருவது, குற்றாலத்தில் எந்தத் தண்ணீருக்கு அடியில் தலையைக் காட்டுவது எல்லாம் அவள் சொன்னபடிதான். அந்த ஜூலை மாதக்காரன் நின்ற நிற்பு வெள்ளைத்துரையின் நெஞ்சைப் பிடித்து உலுக்கியதற்குக் காரணம் அதுதான். அவனை யாரும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. ஆயுளில் ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், அப்படி நின்றுவிட வேண்டும் என்று அவர் ஏங்கினார்.

அன்றைக்கு இரவு தோசைக்கு நடுவே விஷயத்தை அவிழ்த்தார்.

"தங்கம், நான் கடல்ல பலகை மேல நிக்கப் போறேன்."

"பல்பு மாத்த ஸ்டூல்ல ஏறச் சொன்னா தலை சுத்துதுங்கீக."

"ஸ்டூலு வேற, அலை வேற."

"ஆமா, ஸ்டூலு ஆடாது."

வெள்ளைத்துரை இன்னொரு தோசை கேட்டார்.

"ஒங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"அதுக்குத்தான பலகை?"

"பலகை கவுந்துட்டா?"

"கவுந்தா என்ன? அதைக் கால்ல கயித்தால கட்டியிருப்பாக. அது போற பக்கம் நானும் போயிக்கிட்டே இருப்பேன்."

"அதுக்கு எதுக்கு அம்புட்டுத் தூரம்? இங்கன நம்ம வீட்டுலயே அப்படித்தான இருக்கீக" என்றாள் பொன்னுத்தங்கம். "சரி, நானும் வாரேன்."

தோசை தொண்டையில் நின்றுகொண்டது. அவளே தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

மறுநாள் சாயங்காலம் எண்ணெய்ப் பரோட்டாக் கடையில் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. வெள்ளைத்துரையும் பக்கத்து வீட்டு ஜெயபாண்டியும். ஜெயபாண்டிக்குப் பட்டாசுக் கடை. தீபாவளிக்கு முந்தின மாதம் தவிர மற்ற மாதமெல்லாம் அவர் அடுத்தவர் விஷயத்தில்தான் மும்முரமாக இருப்பார். செல்போனை எடுத்து எண்ணெய் விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, புதுசா படிக்கிறவகளுக்கு இலங்கைத் தெக்குக் கரைதான் தோது. கார்த்திகையிலருந்து பங்குனி வரைக்கும் அலை நயமா வருமாம். அதுக்குப் பெறகு காத்து மாறிரும். வேண்டாம்."

"அப்ப கார்த்திகையில போயிருவோம்."

"ஒங்க காலண்டர் லோடை யாரு ஏத்துவா? நானா?"

"மார்கழி?"

"காலண்டர் இன்னும் வரலைன்னு ஆர்டர் குடுத்தவன் பூராம் போன்ல அழுவான். கடலுக்குள்ள சிக்னல் கெடைக்காது."

"தை?"

"கல்யாணப் பத்திரிகை."

"மாசி?"

"மாசியில வேலை இல்ல. ஆனா மதினிக்கும் வேலை இல்ல. ஒங்களுக்கு முந்தி பையைத் தூக்கிட்டு வாசல்ல நிப்பாக."

மிச்சம் இருந்தது ஒரே மாதம். இருவரும் பரோட்டாவைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பங்குனி என்றால் ஊர் மாரியம்மனுக்குப் பொங்கல் திருவிழா. கோவிலில் கொடி ஏறியதும் தீச்சட்டி எடுக்க நேர்ந்துகொண்டவர்களுக்குப் பூசாரி மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டுவார். காப்புக் கட்டியவர் திருவிழா முடிகிறவரை ஒரு ராத்திரிகூட ஊர் எல்லையைத் தாண்டித் தங்கக் கூடாது. பொன்னுத்தங்கம் வருடா வருடம் காப்புக் கட்டித் தீச்சட்டி எடுப்பவள். ஆமத்தூரில் அக்காள் மகளுக்கு வளைகாப்பு என்றாலும் அந்த நாட்களில் சாயங்காலமே வீடு திரும்பிவிடுவாள்.

"கொடி ஏறின ரெண்டு நாள் கழிச்சு மதுரையில பிளைட்டு ஏறிருங்க அண்ணாச்சி" என்றார் ஜெயபாண்டி. "மதினியால தாயில்பட்டியில அப்பா வீட்டுலகூட ராத்தங்க முடியாது."

வெள்ளைத்துரைக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயபாண்டிக்கு இன்னொரு பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

சூழ்ச்சி பண்ணுகிறவருக்குக் கொஞ்சம் அடக்கம் வேண்டும். வெள்ளைத்துரைக்கு அது இல்லை. தன் பெருந்தன்மையை ஊரே மெச்ச வேண்டும் என்று நினைத்தார். மதுரையில் படிக்கும் மகள் ஸ்ரீமதிக்குப் போன் போட்டு, "அம்மாவுக்கும் சேத்து ரெண்டு டிக்கெட்டாப் போடும்மா" என்றார். பிறகு மனைவியிடம் வந்து உருக்கமாக நின்றார்.

"ஒன்னைய விட்டுட்டுப் போவேனா தங்கம்? பங்குனியில டிக்கெட் போட்டாச்சு. அலைக்கு உகந்த மாசம்."

"பங்குனியிலயா? கொடி எப்ப ஏறுது?"

வெள்ளைத்துரை நெற்றியில் அடித்துக்கொண்டார். கண்ணாடி முன்னால் நின்று பழகிய அடி. "அடடா, அதை மறந்தே போனேனே. இப்ப என்ன பண்ண? ஆத்தா காரியத்தை விடவா முடியும்?"

பொன்னுத்தங்கம் அவர் அடித்துக்கொண்ட நெற்றியைப் பார்த்தாள். "விட முடியாதுதான்" என்றாள். "பாப்போம். டிக்கெட்டு இருந்துட்டுப் போகட்டும்."

சண்டையும் இல்லை, சாடையும் இல்லை. சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான். வெள்ளைத்துரையோ மனதுக்குள் அடுத்த பங்குனிக்கே போய்ச் சேர்ந்திருந்தார்.

மாசியில் பயிற்சி தொடங்கியது. அச்சகத்தில் காகித ரீல் தீர்ந்ததும் நடுவில் மிஞ்சும் அட்டைக் குழாய்கள் இரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் உருட்டிவிட்டார். அதன்மேல் ஒரு நீளப் பலகை. குழாய் அலை, பலகை பலகை. ஜெயபாண்டி சுவரோரம் உட்கார்ந்து வாயாலேயே கடல் சத்தம் கொடுத்தார்.

"அலை வருது அண்ணாச்சி. ஏறுங்க."

ஏறினார். நின்றார். உண்மையிலேயே நின்றார், ஒரு கொட்டாவி விடும் நேரம். அந்த நேரத்துக்குள் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து ஜெயபாண்டி கடல் சத்தத்தை நிறுத்திவிட்டார். அடுத்த கணம் குழாய் ஒன்று சமையலறைப் பக்கமும் மற்றொன்று வாசல் பக்கமும் போயின. வெள்ளைத்துரை எந்தப் பக்கமும் போகாமல் நேராகக் கீழே போனார். சத்தம் கேட்டு எதிர் வீட்டில் தாளிப்பை நிறுத்தினார்கள்.

முதுகு பிடித்துக்கொண்டது. "மூணு எடத்துல பிடிச்சிருச்சு" என்று கத்தினார். புரள முடியவில்லை. மூச்சு விட்டால் வலி, விடாவிட்டால் அதைவிட வலி. ஓடிவந்த பொன்னுத்தங்கம் நிலைமையைப் பார்த்து நிஜமாகவே பயந்துபோனாள். பூஜை அலமாரிப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக் கையைக் கூப்பி, அம்மனிடம் முணுமுணுவென்று நீளமாக என்னவோ பேசினாள். பேசி முடித்து ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்தாள்.

"ஏங்க, ஒங்களுக்காக ஆத்தாகிட்ட நேந்திருக்கேன். சம்மதம்தானா?"

"எதுன்னாலும் சம்மதம். மொதல்ல என்னையத் தூக்குங்க."

"தம்பி, கேட்டுக்கிட்டீகளா?"

"நான் சாட்சி மதினி" என்றார் ஜெயபாண்டி. அவருக்கும் பயம்தான்.

பத்துப் பதினைந்து நாளில் முதுகு நேராகிவிட்டது. வெள்ளைத்துரை பூப் போட்ட சட்டை இரண்டு வாங்கினார். கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கினார். பெட்டியைப் பூட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்துவிட்டு, கொடி ஏறும் நாளை ஆசையோடு எதிர்பார்த்தார். அம்மன் பக்தியில் அந்த வருடம் அவரை மிஞ்ச ஊரில் ஆள் இல்லை.

கொடி ஏறும் நாள் காலையில் பொன்னுத்தங்கம் வேட்டியும் துண்டும் எடுத்து வைத்தாள். "கடல் தாண்டிப் போறீக. ஒரு கும்பிடு போட்டுட்டுப் போங்க" என்றாள். நியாயம்தானே என்று கிளம்பினார். கோவிலில் கூட்டம் நெரிந்தது. கொடி ஏறியது. குலவைச் சத்தம் எழுந்தது. பூசாரி ஆண்டிச்சாமி மஞ்சள் கயிற்றோடு வரிசையாகக் காப்புக் கட்டிக்கொண்டே வந்தார்.

"ஏங்க, இங்கன முன்னால வந்து நில்லுங்க" என்றாள் பொன்னுத்தங்கம். பழக்கதோஷத்தில் முன்னால் வந்து நின்றார்.

"கையை நீட்டுங்க."

நீட்டினார். பூசாரி கட்டினார். மூன்று முடிச்சு.

"சாமி, ஆளு மாறிப்போச்சு. காப்பு அவளுக்கு" என்று வெள்ளைத்துரை பதறினார்.

"மாறலங்க" என்றாள் பொன்னுத்தங்கம். "முதுகு சரியாப்போச்சுன்னா ஒங்க கையாலயே தீச்சட்டி எடுக்க வைக்கேன்னுதான் நேந்தேன். நேந்தது நானு. எடுக்க வேண்டியது நீங்க. சம்மதம்னு சொன்னீகள்ல?"

வெள்ளைத்துரை கூட்டத்தில் ஜெயபாண்டியைத் தேடினார். ஜெயபாண்டி கொடிமரத்துக்குப் பின்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, எனக்குக் கட்டியாச்சு. ஒனக்கு?"

"எனக்கு எதுக்கு? ஸ்ரீமதிக்கு அம்மை வாத்தப்ப அஞ்சு வருசத்துக்கு நேந்தேன். போன பங்குனியோட முடிஞ்சுபோச்சு. கடைசிச் சட்டி எடுத்தன்னைக்கு நீங்களும் பக்கத்துலதான் நின்னீக. போன்ல எவனுக்கோ அடுத்த வருசத்து அமாவாசையைச் சொல்லிக்கிட்டு இருந்தீக."

அவர் மணிக்கட்டையே பார்த்தபடி நின்றார். கயிறு இறுக்கமாகத்தான் இருந்தது.

"ஒங்க டிக்கெட்டை ஸ்ரீமதி நேத்தே ரத்துப் பண்ணிட்டா. அவளுக்கு ஒண்ணு போட்டுக்கிட்டா. லீவுதான அவளுக்கு? சட்டையைத்தான் என்ன பண்றதுன்னு தெரியல. பூவு நல்லா இருக்கு, நானே சேலைக்கு மேல போட்டுக்கிடுறேன்."

"தங்கம், அது கடலு. ஒனக்கு நீச்சல்..."

"தாயில்பட்டியில எங்கப்பா தோட்டத்துக் கெணத்துல மோட்டார் ரூம் மேலருந்து குதிச்சு வளந்தவ நானு. ரெண்டு டிக்கெட் போட்டீகளே, ஒரு நாளாவது என்கிட்ட நீச்சல் தெரியுமான்னு கேட்டீகளா?" இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. வெள்ளைத்துரைக்குச் சுருக்கென்றது. அவர் கேட்கவில்லைதான்.

தீச்சட்டி நாளில் மஞ்சள் வேட்டியும் வேப்பிலையுமாகக் கொளுத்தும் வெயிலில் அவர் ரோட்டில் நின்றபோது, ஜெயபாண்டி செல்போனை முகத்துக்கு நேரே நீட்டினார். வீடியோ காலில் நீலக் கடல். அதில் ஒரு அலை. அலைமேல், பூப்போட்ட சட்டையில், பொன்னுத்தங்கம் நின்றுகொண்டிருந்தாள். ஆடாமல் அசையாமல் நின்றாள். கரைக்கு வந்து ஈரக் கையால் மகளிடமிருந்து போனை வாங்கினாள்.

"ஏங்க, சட்டி நெருப்பு மூஞ்சியில அடிக்குது பாருங்க. கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார்.

ஆடி வந்தது. அரிசி ஆலைக்காரர் அடுத்த வருடத்துக் காலண்டருக்கு ஜூலை மாதப் படத்தைத் தாமே தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தார். ஸ்ரீமதி எடுத்த படம். எப்படியோ ஊரெல்லாம் சுற்றி அவர் கைக்குப் போயிருந்தது. வெள்ளைத்துரையின் சொந்த மெஷினில், ஆயிரம் ஆயிரமாகப் பொன்னுத்தங்கம் அலைமேல் நின்று வெளியே விழுந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு அச்சகத்துக்கு வந்தவள் ஒரு தாளை எடுத்துப் பார்த்தாள்.

"நீலம் கொஞ்சம் கூடியிருக்குங்க. கொறைக்கச் சொல்லுங்க."

வெள்ளைத்துரை அதைக் காதில் வாங்கவில்லை. அடுத்த வருடத்து மார்ச் மாதத் தாளை மேஜையில் விரித்து வைத்து ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது.

"அடுத்த பங்குனியில நான்தான் போவேன் தங்கம். நீச்சலும் நீயே சொல்லிக்குடுத்துரு. இந்த வருசம் ஆத்தாளுக்குச் சட்டி எடுத்தாச்சு. பாக்கி எதுவும் கெடையாது. இனிமே ஒருத்தரும் என்னையப் பிடிச்சு நிறுத்த முடியாது."

பொன்னுத்தங்கம் சிவப்பு மைப் பேனாவை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி மூடிவைத்தாள்.

"ஒரு வருசத்துக்கா நேந்தேன்? முதுகு மூணு எடத்துல பிடிச்சிருக்குன்னு நீங்கதான கத்துனீக. எடத்துக்கு ஒரு வருசம்."