செருப்பில் பூத்த பூ

மேசையில் விரித்திருந்த வெள்ளைத் துணியில், நட்டநடுவே, ஒரு நீலப் பொட்டு விழுந்துவிட்டது.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அதையே பார்த்தார். மனைவி சாயக் கிண்ணத்தை மூடாமல் போய்விட்டாளே, காய்ந்துவிடுமே என்று மூடப் போனவர்தான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

"நாளைக்குக் கண்காட்சி. என் விரிப்பு மேல மட்டும் கை வைக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டு, அரங்கத்தைப் பார்த்து வரப் போயிருந்தாள் அவள். கட்டையில் அச்சு செதுக்கித் துணியில் பூ அடிப்பதை நாலு வருஷம் படித்தவளுக்கு இதுதான் முதல் கண்காட்சி. வந்ததும் இந்தத் துணியில் பூ அடித்தாக வேண்டுமே என்று நினைத்தவர், அவசரமாக ஒரு துண்டுத் துணியை நனைத்துப் பிழிந்தார்.

ஈரத் துணியால் துடைத்தார். பொட்டு தட்டளவு ஆனது.

"என்ன மாப்பிள்ளை, சத்தம்?" என்று உள் அறையிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "மேசை மேல இருக்கற துணி வந்து..."

"தொடவே இல்லை அத்தை! நீங்க படுங்க!"

மாடியிலிருந்து மச்சினன் இறங்கி வந்து எட்டிப் பார்த்தான்.

"இதுக்குப் போயா மாமா இப்படி வேர்க்குது? கறை மேலயே ஒரு பூ அடிச்சிட்டா யாருக்குத் தெரியும்?"

"அச்செல்லாம் உங்க அக்கா பீரோவுல வச்சுப் பூட்டிட்டாளே."

"ரப்பர் செருப்பு இருக்கில்ல?"

அவருடைய குளியலறைச் செருப்பின் இடது கால் பலியானது. அரை மணி நேரம் பிளேடால் செதுக்கி, சாயத்தில் தோய்த்து அழுத்தினார்கள். பூ என்று சொல்லிக்கொண்டால் பூ. சொல்லாவிட்டால் சைக்கிள் பல்சக்கரம்.

"ஒண்ணு மட்டும் அநாதையா நிக்குது மாமா. நாலு மூலையிலயும் அடிங்க."

எட்டாத மூலைக்காகத் துணியை இழுத்தார். கிண்ணம் கவிழ்ந்து சாயம் மேசை விளிம்பு வரை ஓடியது. கைக்குக் கிடைத்ததை எடுத்துத் துடைத்தார். கைக்குக் கிடைத்தது ஜன்னல் திரை.

"மாப்பிள்ளை, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"ஒண்ணுமில்லை அத்தை! சும்மா தூசி தட்டறோம்!"

திரையில் கறை, அதன் மேலும் பூ அடித்தார்கள். பிடிமானத்துக்குத் திரையைச் சுவரோடு சேர்த்து அழுத்தியதில், மெல்லிய துணியைத் தாண்டிச் சுவரிலும் பூத்தது. சுவரைத் தோளால் மறைத்துப் பார்த்தார். சட்டை போனது.

"சட்டையிலயும் ஒண்ணு அடிச்சிடவா, மாமா?"

"வாயை மூடுடா."

வாசல் கதவு திறந்தது. மச்சினன் மாயமாகிவிட்டான். கடைக்காரர் ஒற்றைச் செருப்போடு நின்றார். முப்பது வருஷமாக ஊராருக்குப் பார்வையைச் சரி செய்து கொடுத்தவருக்கு மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

"நாலு வருஷமா நீ பட்ட பாட்டை ஒரு மதியத்துல கெடுத்துட்டேன்மா. கண்காட்சிக்கு நானே வந்து அதை நடத்தறவங்க கால்ல வேணா விழறேன்" என்றார்.

அவள் மேசைத் துணியைப் பார்க்கவேயில்லை. திரையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். அவர் தோளைப் பார்த்தாள்.

"என் விரிப்பு காஞ்சு, மடிச்சு, அம்மா கட்டில் மேல இருக்கே. அதுக்கு என்ன ஆச்சு?"

உள் அறையிலிருந்து, நீலப் பூக்கள் வரிசை தப்பாமல் அடித்த அழகான விரிப்பைக் கையில் ஏந்திக்கொண்டு, மாமியார் வெளியே வந்தார்.

"இதுக்கு ஒண்ணும் ஆகலைம்மா. மேசை மேல இருக்கறது சாயம் சிந்தினா சிந்தட்டும்னு நீ விரிச்ச பழைய துணிதானேன்னு சொல்லத்தான் ரெண்டு தடவை வாயைத் திறந்தேன், மாப்பிள்ளை விடலை. இந்த வீட்லயே கறை படலாம்னு இருந்தது அது ஒண்ணுதான்!"