குசினி வழியாகக் கற்பிட்டி

வெட்கம் ஒரு நோய். மற்ற நோய்க்காவது ஆஸ்பத்திரியில் குளிசை தருவார்கள், இதற்கு ஒன்றும் இல்லை. எனக்கு இது பிடித்த நாளும் இடமும் நன்றாக நினைவிருக்கிறது.

தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, படகில் வந்து கற்பிட்டியில் இறங்கியபோது என்னிடம் இருந்தது உடுத்த சேலையும் கையில் கடைசிப் பிள்ளையும்தான். கரையில் நின்ற சனமெல்லாம் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. (படகு நிறைய ஆட்கள் வந்தோம். அவர்களை விட்டுவிட்டு என்னை மட்டும் ஏன் பார்க்க வேண்டும் என்று அப்போது யோசிக்கவில்லை.) அன்றோடு பெரிய றோட்டில் நடப்பதை விட்டுவிட்டேன்.

அதற்கு எங்கள் பெண்களிடம் வழி இருந்தது. வேலிக்கு வேலி ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு விட்டிருப்பார்கள். கிணற்றுக்கும் கல்யாண வீட்டுக்கும் மையத்து வீட்டுக்கும் பின் வளவால் புகுந்து போவோம். கோட்டை, ஒல்லாந்தர் கட்டிய கிறிஸ்தவக் கோயில், பள்ளிவாசல், படகு ஜெட்டி எல்லாவற்றையும் காலாலேயே சுற்றிப் பார்க்கலாம் என்று வெளிநாட்டார் இந்த ஊரைப் புகழ்கிறார்கள். நானும் இருபது வருடத்துக்கு மேல் காலால்தான் சுற்றினேன். கோட்டையின் பின்பக்கம் தெரியும், கோயிலின் பின்பக்கம் தெரியும், யார் வீட்டுக் குசினியில் என்ன வேகிறது என்றும் தெரியும். முன்பக்கம்தான் தெரியாது.

படகில் வந்த அந்தப் பிள்ளைதான் ரிஸ்வானா. வளர்ந்து, ஊர்ப் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பிக்கத் தொடங்கினாள். சண்டை முடிந்து சில வருடங்களில், பழைய ஒல்லாந்தர் கட்டடம் ஒன்றைத் திருத்தி அதில் ஒரு அறையைக் கலை வேலைக்குக் கொடுக்கப் போவதாகக் கதை வந்தது. தீர்மானிப்பவர் கொழும்பில் ஒரு மேடம். மகள் அந்த அறையிலேயே பிள்ளைகளின் படங்களை மாட்டிக் கண்காட்சி வைத்து மேடத்தை அழைத்தாள். நாலு மணிக்குத் திறப்பு. ஐந்து மணிக்கு மேடம் புத்தளத்தில் வேறு கூட்டத்துக்குப் புறப்பட வேண்டும்.

மேடம் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்தார். பிறகு வேனைக் கட்டடத்துக்கு அனுப்பிவிட்டு, "நான் ஊரைப் பார்த்துக்கொண்டு நடந்தே போறன்" என்றார். கட்டடத்தில் நின்ற மகள் போனில் எனக்குப் படித்துப் படித்துச் சொன்னாள்.

"உம்மா, பெரிய றோட்டால நேரா கூட்டி வாங்க. பத்து நிமிஷம். வேற ஒண்டும் செய்ய வாணாம்."

"எனக்கு வெக்கமா இரிக்கி மகள். கடை வாசல்ல ஆம்பிளயள் இரிப்பாங்க."

"உங்கள ஆரும் பாக்க மாட்டாங்க உம்மா!"

(அதை நான் நம்பவில்லை.)

மூன்றரைக்கு மேடம் முன்வாசலில் செருப்பைப் போடப் போனார். "இந்தப் பக்கம் கிட்ட மேடம்" என்று பின்கதவைத் திறந்தேன்.

முதல் பொட்டு நன்றாகத்தான் போனது. பழைய கிணறு ஒன்றின் கல்லைத் தொட்டுப் பார்த்து மேடம் வியந்தார். எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. இரண்டாவது பொட்டு இருந்த இடத்தில் மதில் நின்றது.

முழங்கால் வருத்தத்தால் ஒரு வருடமாக நான் அந்தப் பக்கம் போகவில்லை. சண்டைக் காலம் முழுக்கக் கிடுகு வேலியோடு இருந்த சனம், சமாதானம் வந்ததும் மதில் கட்டிவிட்டது. (கடலில் பட்டம் பிடித்து ஓடும் வெள்ளைக்காரருக்கு அறை வாடகைக்கு விடவாம்.) திரும்பினோம். அங்கும் மதில். கருவாட்டுப் பரண்களுக்கு நடுவால் புகுந்தோம். மேடத்தின் வெள்ளைச் சேலை ஒரு கட்டாக் கருவாட்டைத் தடவிக்கொண்டு வந்தது.

"அம்மா, இது றோட்டுக்குப் போகுமா?"

"போகும் மேடம்."

மிஞ்சியது நூர் ராத்தா வீட்டுக் குசினி வாசல் ஒன்றுதான். உள்ளே காலை வைத்ததும் நூர் ராத்தா கரண்டியோடு ஓடிவந்தார்.

"என்ன புள்ள இந்த நேரத்துல? முன்னுக்குப் பொண் பாக்க வந்திரிக்காங்க!"

அந்த வீட்டிலிருந்து தெருவுக்குப் போக முன் ஹோலைத் தவிர வேறு வழியில்லை. "சிரிச்சுக்கொண்டே போயிடுவமே" என்றார் மேடம்.

"அல்லாவுக்காகப் போயிராதீங்க! கருவாட்டு மணத்தோட குசினியால ரெண்டு பேர் வெளிக்கிட்டா மாப்பிளட உம்மா என்ன நினைப்பா?"

மேடம் என்னைப் பார்த்தார். 'திரும்பிப் போய்ப் பெரிய றோட்டால போவம்' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. அந்த ஒரு வார்த்தையில் என் பிள்ளையின் அறை இருந்தது. "இப்பப் போயிருவாங்க மேடம்" என்றேன்.

போகவில்லை. மாப்பிள்ளையின் உம்மா இரண்டாவது தேத்தண்ணி கேட்டார். வட்டிலப்பத்துக்குப் பக்குவம் கேட்டார். கொழும்பு மேடம் தேங்காய் திருவலையில் உட்கார்ந்திருந்தார். (குசினியில் வேறு ஆசனம் இல்லை.) என் போன் வீட்டில் சார்ஜில். அவருடையது கைப்பையோடு வேனில். மகளின் நம்பர் எனக்குப் பாடமில்லை.

ஐந்து அடிக்கும்போதுதான் அவர்கள் எழுந்தார்கள். நாங்கள் தெருவில் இறங்கியபோது எங்களைத் தேடி வந்த வேன் முனையில் ஹோன் அடித்துக்கொண்டு நின்றது. மேடம் மணியைப் பார்த்தார். ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும். "மகளிட்ட மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்கம்மா" என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

கட்டடத்துக்கு நான் தனியே போனேன். றிபன் வெட்டப்படாமல் தொங்கியது. தட்டில் கத்தரிக்கோல். வெள்ளைச் சட்டையோடு வரிசையில் நின்ற பிள்ளைகளில் ஒருத்தி என்னைக் காட்டி, "மிஸ், பிரதம விருந்தாளி இவங்களா?" என்று கேட்டாள்.

ரிஸ்வானா என் சேலையில் ஒட்டியிருந்த செதிலைப் பார்த்தாள்.

"உம்மா, முன்னாலயா வந்தீங்க, பின்னாலயா?"

நான் செதிலைச் சுரண்டிப் போட்டேன்.

அறை கிடைக்கவில்லை. இப்போது அதில் உடைந்த கதிரைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மகள் எங்கள் முன் ஹோலில் படிப்பிக்கிறாள். என் அலுமாரிக் கதவில் ஒரு பிள்ளை வரைந்த நீல மீன் அழியாமல் இருக்கிறது. நூர் ராத்தாவின் சம்பந்தமும் சரிவரவில்லை. (அதற்கு நான் காரணமில்லை என்கிறார்கள், என் முன்னால்.)

நான் எங்கே புறப்பட்டாலும் மருமகன் கேட்பார்: "மாமி, முன்னாலயா, பின்னாலயா?" வீடே சிரிக்கும். மகளும் சிரிப்பாள், எல்லோருக்கும் கொஞ்சம் பிந்தி.

போன வருடம் ஒரு பின்னேரம், ஒருவருக்கும் சொல்லாமல், பெரிய றோட்டால் அந்தக் கட்டடம் வரை நடந்து பார்த்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கடை வாசல்களில் ஆண்கள் இருந்தார்கள். ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.